புளோரெஸ் மலையில் குடியேறலாமா? வாசகர் கேள்விகள், பதில்கள்

சென்ற இதழில் இந்தோனேசியாவின் புளோரெஸ் தீவில், மங்காராய் மலைக் கிராமங்களைப் பற்றி எழுதியிருந்தேன். ரூத்தெங் ஊர்ப்பக்கம் வாடகை வீட்டில் இருந்த காலத்து விஷயங்கள்: காப்பி, மழை, சர்ச் மணி, நடுராத்திரி பன்றிச் சத்தம் இப்படி. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நிலம் பற்றியவை. நான் நில விலையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். நம் ஆட்களுக்குப் பச்சையாக எதைப் பார்த்தாலும் சென்ட் என்ன விலை என்று கேட்கத் தோன்றுகிறது. சரி, அதிலேயே தொடங்குவோம்.

*புளோரெஸின் மேற்கு முனையில் இருக்கும் துறைமுக ஊர் லபுவான் பாஜோவிலிருந்து நான்கு மணி நேரத் தொலைவில் ஒரு கிராமம். ஒரு ஹெக்டேர் நிலம், இங்கே ஒரு சின்ன கார் வாங்கும் காசுக்கு வருகிறதாம். வெளிநாட்டவர் பெயரில் பதிய முடியாது, ஆனால் நம்பிக்கையான உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கி, அவரோடு தனியாக ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் போதும் என்கிறார் தரகர். செய்யலாமா?*
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

செய்யாதீர்கள். வங்கியில் இருந்தவர் என்கிறீர்கள், இதற்கு நம் ஊரில் பினாமி என்று பெயர் என்பது உங்களுக்குத் தெரியாதா என்ன? இந்தோனேசியாவின் 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, 'ஹாக் மிலிக்' எனப்படும் முழு உரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு, நேராகவோ சுற்றிவளைத்தோ அந்த உரிமையை வெளிநாட்டவர் கைக்குக் கொண்டுபோகும் எந்த ஏற்பாடும் செல்லாது, நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது என்கிறது. திருப்பிக் கேட்க முடியாது என்பதை இரண்டு தடவை படியுங்கள். உங்கள் தனி ஒப்பந்தத்தை நீதிமன்றத்துக்கு எடுத்துப்போனால் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி ஆகிவிடும். பாலியில் இப்படிப் பணம் போட்டுவிட்டு, நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமோ, அவர் காலமான பிறகு அவருடைய பிள்ளைகளிடமோ மல்லுக்கட்டும் வெளிநாட்டவர் கதைகள் நிறைய.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஒரு ஹெக்டேர் யாருடையது என்பதே அங்கே பெரிய கேள்வி. மங்காராய் வழக்கப்படி விவசாய நிலம் ஊருக்குப் பொது. 'லிங்கோ' என்பார்கள். நடுவில் 'லோடோக்' என்று ஒரு புள்ளி, அங்கிருந்து சிலந்தி வலை மாதிரி விரிந்துகொண்டே போகும் துண்டுகள். ரூத்தெங் அருகே சஞ்சார் என்ற இடத்தில் மேட்டில் ஏறி நின்றால் இப்படிப்பட்ட வயல்களைப் பார்க்கலாம், சுற்றுலாப் படங்களில் வருவது அதுதான். யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பவர் 'துவா தெனோ' என்ற நில மூப்பர், நடுப்புள்ளியில் விரல் வைத்து அளந்துதான் பிரிப்பார்கள். இப்போது இதில் நிறைய நிலம் தனித்தனி ஆட்களுடைய காப்பித் தோட்டமாகிவிட்டது. 2017-க்குப் பிறகு அரசு ஊர் ஊராக வந்து பட்டா போட்டுக் கொடுக்கும் திட்டமும் நடக்கிறது. ஆனாலும் ஒரு துண்டு நிலத்துக்கு அண்ணன், சித்தப்பா, குலத்து மூத்தவர், போர்னியோ தீவின் கலிமந்தானில் எண்ணெய்ப் பனைத் தோட்ட வேலைக்குப் போன தம்பி என்று எல்லோருக்கும் ஒரு வார்த்தை சொல்ல இடம் இருக்கும். விற்றவர் உங்களை ஏமாற்றியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. நாளைக்குத் தம்பி ஊர் திரும்பி, என்னைக் கேட்காமல் எப்படி என்பார், ஊரே அவர் சொல்வது நியாயம் என்று சொல்லும்.

லபுவான் பாஜோவை அரசு சிறப்புச் சுற்றுலா மையமாக அறிவித்ததும் கரையோர நில விலை எகிறியது, கூடவே ஒரே நிலத்துக்குப் பல உரிமையாளர்கள் முளைத்தார்கள். அங்கே 30 ஹெக்டேர் அரசு நிலம் தனியார் கைக்குப் போன வழக்கில் மாவட்டத் தலைவராக இருந்தவரே தண்டனை பெற்றார். உங்கள் தரகருக்கு இதெல்லாம் நன்றாகத் தெரிந்திருக்கும்.

முறையான வழிகளும் உண்டு. குடியிருப்பு அனுமதி உள்ள வெளிநாட்டவருக்கு 'ஹாக் பாக்கை' என்ற பயன்பாட்டு உரிமை கிடைக்கும், முதலில் 30 ஆண்டு, பிறகு நீட்டிக்கலாம். ஆனால் அதற்குக் குறைந்தபட்ச வீட்டு விலை என்று ஒன்று உண்டு, மலைக் கிராமத்து மர வீடு அந்த விலையை எட்டவே எட்டாது. மிச்சம் இருப்பது குத்தகை. அந்த நிலத்துக்குச் சான்றிதழ் இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது, அடமானத்தில் இருக்கிறதா என்று மாவட்ட நில அலுவலகத்தில் சரிபார்த்து, நோட்டரி முன்னால் எழுதுங்கள். ஊர் மூப்பர்களும் குடும்பத்தார் எல்லோரும் கையெழுத்துப் போடட்டும். கிராமத் தலைவர் தரும் கடிதம் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் குத்தகைகூட அப்புறம். முதலில் ஒரு வீட்டை ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு எடுங்கள். அங்கே மாத வாடகையைவிட, வருஷ வாடகையை மொத்தமாக முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் வழக்கம்தான் அதிகம். ஒரு மழைக்காலம் முழுக்க அங்கே இருந்து பாருங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை துணி காயாது, சாலை சரியும், மூடுபனியில் எதிர்வீடு தெரியாது. அதற்குப் பிறகும் நிலம் வேண்டும் என்று தோன்றினால், இந்த முகவரிக்கு மறுபடி எழுதுங்கள்.

*என் மனைவி புளோரெஸைச் சேர்ந்தவர், கல்யாணம் சிங்கப்பூரில் நடந்தது. அவர் பெயரில் வாங்கினால் பிரச்சினை இல்லைதானே?*
– வாசகர், சிங்கப்பூர்

கல்யாணத்துக்கு முன்னால் சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் எழுதினீர்களா? இல்லை என்றால் பிரச்சினை உண்டு. ஒப்பந்தம் இல்லாமல் வெளிநாட்டவரை மணந்தால், கல்யாணத்துக்குப் பின் வாங்கும் சொத்து இருவருக்கும் பொது என்று ஆகிவிடும், பொது என்றால் உங்களுக்கும் பாதி, அதனால் முழு உரிமை நிலத்தை ஒரு வருஷத்துக்குள் கைமாற்றிவிட வேண்டும் என்பது சட்டம். பல காலம் இதில் சிக்கித் தவித்தவர்கள் இந்தோனேசியப் பெண்கள்தான், தங்கள் சொந்த நாட்டிலேயே வீடு வாங்க முடியாமல். 2016-இல் அரசமைப்பு நீதிமன்றம், கல்யாணத்துக்குப் பிறகும் அந்த ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னதால் வழி பிறந்தது. நோட்டரியிடம் எழுதி, கல்யாணப் பதிவில் சேர்த்து, அதன் பிறகு மனைவி தன் பெயரில் வாங்கட்டும். அப்போது அது முழுக்க அவருடைய சொத்து, உங்களுக்கு அதில் ஒன்றும் கிடையாது என்பதை மனதார ஏற்றுக்கொண்டு செய்யுங்கள்.

அவர் எந்தப் பகுதி என்றும் எழுதியிருக்கலாம். மங்காராயில் நிலம் ஆண் வழியில் போகும், மகளுக்குப் பெற்றோர் பிரியப்பட்டுக் கொடுக்கும் நிலம் தனி. பக்கத்திலேயே பஜாவா பகுதியில், ங்காடா மக்களிடம் வீடும் குலமும் பெண் வழி. ஒரே தீவில் இவ்வளவு வேறுபாடு. மாமியாரிடம் பேசினாலே பாதி விஷயம் தெளிந்துவிடும்.

*தனியாகப் பயணம் செய்யும் பெண் நான். வே ரெபோ கிராமத்துக்குப் போக ஆசை. எப்படிப் போவது, எந்த மாதம், பாதுகாப்பு எப்படி?*
– கல்லூரி ஆசிரியை, மதுரை

தாராளமாகப் போகலாம். மே முதல் செப்டம்பர் வரை போங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகப் பாலி, அங்கிருந்து சுமார் ஒரு மணி நேர விமானத்தில் லபுவான் பாஜோ. இந்தியக் கடவுச்சீட்டுக்கு இறங்கியதும் விசா கிடைக்கும், கட்டணம் 5 லட்சம் ரூபியா, நம் காசில் மூவாயிரத்துக்குள். 30 நாள், ஒருமுறை இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். அதைத் தாண்டினால் ஒரு நாளைக்கு 10 லட்சம் ரூபியா அபராதம், தேதியை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

லபுவான் பாஜோவிலிருந்து ரூத்தெங் 130 கிலோமீட்டர் சொச்சம், வரைபடத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை போலிருக்கும், ஆனால் வளைவுக்குப் பின் வளைவு, நான்கு மணி நேரம் ஆகும். வாந்தி வரும் உடம்பு என்றால் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள், ஓட்டுநர் பாட்டை உச்சத்தில் வைப்பார், அதற்கு மாத்திரை இல்லை. ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுப் போகும் கார்கள் தினமும் உண்டு, அங்கே அதை 'டிராவல்' என்கிறார்கள். உள் கிராமங்களுக்கு 'ஓட்டோ காயு'. லாரியின் பின்பக்கம் மரப்பலகைகளைப் போட்டு, கூரை அடித்தால் அதுதான் பஸ். அரிசி மூட்டை, கோழி, சிமென்ட், பாட்டி, நீங்கள் எல்லோரும் ஒன்றாகப் போகலாம். ஒருமுறையாவது ஏறுங்கள்.

வே ரெபோவுக்கு டெங்கே என்ற ஊர் வரைதான் வண்டி. பிறகு இரண்டு மூன்று மணி நேரம் காட்டுக்குள் ஏற்றம். மேலே ஏழு கூம்பு வீடுகள், ஓலைக் கூரை தரையைத் தொடுகிற மாதிரி இறங்கியிருக்கும், உள்ளே ஐந்து அடுக்கு. சிதைந்துகொண்டிருந்த வீடுகளை ஊர்க்காரர்களும் கட்டடக் கலைஞர் யோரி அந்தாரின் குழுவும் சேர்ந்து மீட்டெடுத்தார்கள், அதற்கு 2012-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. போனதும் முதலில் பெரிய வீட்டுக்குள் மூப்பரைப் பார்க்க வேண்டும், அவர் முன்னோர்களிடம் உங்கள் வரவைச் சொல்லிச் சடங்கு செய்த பிறகுதான் கேமராவை வெளியே எடுக்க வேண்டும். பலர் இதை ஒரு சம்பிரதாயம் என்று அவசரப்படுத்துகிறார்கள், பார்க்கவே சங்கடமாக இருக்கும். ராத்திரி பாயில் படுக்கை, குளிர் நன்றாகவே இருக்கும், ஸ்வெட்டர் கட்டாயம்.

பாதுகாப்பு என்று கேட்டால், எனக்குத் தெரிந்து அங்கே தனியாகப் போன பெண்கள் சலித்துக்கொண்டது ஒரே விஷயத்துக்குத்தான். கல்யாணம் ஆகிவிட்டதா, புருஷன் எங்கே, பிள்ளைகள் எத்தனை என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். மதுரையிலிருந்து போகும் உங்களுக்கு இதில் புதிதாக என்ன இருக்கப்போகிறது! இன்னொன்று, இந்தோனேசியா முழுக்க ஊர் எல்லைகளில் ஒரு பலகை பார்ப்பீர்கள்: விருந்தாளிகள் 24 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவிக்க வேண்டும். பயமுறுத்த வைத்தது இல்லை, ஆனால் நிஜமாகவே நடைமுறையில் இருக்கிறது. யார் வீட்டில் தங்கினாலும் அவர் மூலமாகத் தெருத் தலைவரிடம் பெயர் சொல்லி, கடவுச்சீட்டு நகல் ஒன்று கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு நீங்கள் அந்த ஊரின் பொறுப்பு, ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்பவில்லை என்றால் தேட ஆள் கிளம்பும்.

*நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?*
– வாசகி, கும்பகோணம்

இல்லை. முருங்கைக் கீரை இருக்கிறது! புளோரெஸ் இருக்கும் மாகாணம் முழுக்க முருங்கை, ஆளுநரே மேடை போட்டு முருங்கை வளர்க்கச் சொன்ன ஊர். மரவள்ளி இலை, பப்பாளிப் பூ, பூசணிக் கொழுந்து, சோளம், மரவள்ளிக் கிழங்கு, வாழைப்பழம் எல்லாம் கிடைக்கும். பாசிப்பயறு கடைகளில் உண்டு. சிக்கல் எங்கே வருகிறது என்றால், இறைச்சி வேண்டாம் என்றால் கோழி வைப்பார்கள், கோழியும் வேண்டாம் என்றால் வருத்தத்தோடு மீன் வைப்பார்கள். சம்பல் எனப்படும் மிளகாய் அரைப்பில் இறால் விழுது இருக்கும். தட்டு முன்னால் வந்த பிறகு மறுக்காமல், போய்ச் சேர்ந்ததும் அடுப்படிக்கே போய், மீன், கோழி, முட்டை, இறால் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மங்காராயில் விருந்தாளியை வரவேற்கச் சேவலும் கள்ளும் நீட்டுவது மரபு. கையால் தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் மரியாதை முடிந்தது, தின்னவோ குடிக்கவோ யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொண்டுபோங்கள், அவர்களுக்கும் கொடுத்துப் பாருங்கள், ஊறுகாயை நம்மைவிட வேகமாகக் காலி செய்வார்கள்.

*திருப்பூரில் ஏற்றுமதித் தொழில். புளோரெஸில் காப்பி, வனிலா, அல்லது சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே என்று 40, 50 லட்சம் போடலாம் என்று பார்க்கிறேன். இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதில் தடை உண்டா?*
– தொழில் முனைவோர், திருப்பூர்

அனுப்புவதில் தடை இல்லை. ரிசர்வ் வங்கியின் தாராளமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தில் ஒரு நபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். முதலீட்டுக்கு என்றால் 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் வரியாக வங்கியிலேயே பிடித்துக்கொள்வார்கள், கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிசெய்துகொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தக் காசு முடங்கும். வெளிநாட்டுச் சொத்து விவரத்தை வருமான வரிப் படிவத்தில் காட்டாமல் விட்டால் வம்பு பெரிது, இதை உங்கள் ஆடிட்டர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்.

தடை அந்தப் பக்கம். சின்னத் தொழில்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்களுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். வெளிநாட்டவர் வர வேண்டும் என்றால் 'பி.டி. பி.எம்.ஏ.' என்ற வகை கம்பெனி தொடங்க வேண்டும், அதில் நிலமும் கட்டடமும் சேர்க்காமல் மொத்த முதலீடு 1,000 கோடி ரூபியாவுக்கு மேல் இருக்க வேண்டும். பயப்படாதீர்கள், ரூபியாக் கணக்கு அப்படித்தான், நம் பணத்தில் 5 கோடிக்குச் சற்று மேல். 2025-இல் செலுத்த வேண்டிய மூலதனத்தை 250 கோடி ரூபியாவாகக் குறைத்தார்கள், மொத்தத் திட்ட அளவைக் குறைக்கவில்லை. உங்கள் 50 லட்சம் எந்தக் கணக்கிலும் பொருந்தவில்லை. பொருந்தாத காசை உள்ளூர் நண்பர் பெயரில் போட்டு ஹோம்ஸ்டே நடத்தலாம் என்று சொல்வார்கள், கோயம்புத்தூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள், கூடவே சுற்றுலா விசாவில் நீங்களே அங்கே நின்று வேலை பார்த்தால் நாடு கடத்துவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வனிலா பற்றி ஒரு வார்த்தை. விலை வானத்துக்கு ஏறியபோது ஊரே நட்டது, ஏறிய வேகத்தில் இறங்கியது. விலை இருக்கும்போது திருட்டு, திருட்டுக்குப் பயந்து முற்றாத காயையே பறிப்பது, முற்றாத காய்க்கு வாசனை இல்லை என்று வியாபாரி விலை குறைப்பது, இதுதான் சுற்று. பக்கத்தில் இருந்து காவல் காக்க முடியாதவர் தொடவே கூடாத பயிர்.

நீங்கள் ஏற்றுமதிக்காரர், அங்கே போய் முதலாளி ஆகாமல் இங்கே உட்கார்ந்தே வாங்குபவராக இருக்கலாமே? அதற்குக் கம்பெனியும் வேண்டாம், விசாவும் வேண்டாம். பஜாவாவின் அரபிகா காப்பிக்குப் புவிசார் குறியீடு உண்டு, விவசாயிகள் சேர்ந்து நடத்தும் பதப்படுத்தும் கூடங்கள் உண்டு. ஆனால் இந்தியா காப்பிக்குப் போடும் இறக்குமதி வரி கடுமை, நம் ஊரிலேயே நல்ல காப்பி விளைகிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். எனக்கென்னவோ முந்திரிதான் யோசிக்க வேண்டியது. கிழக்கு புளோரெஸில் முந்திரி நிறைய. இந்தோனேசியாவின் கொட்டை முந்திரி ஏற்கெனவே உடைப்பதற்காக வியட்நாமுக்கும் இந்தியாவுக்கும் கப்பலேறுகிறது. பண்ருட்டியில் காய்ப்பு பிப்ரவரி முதல் மே வரை, அங்கே வருஷக் கடைசியில். நம் ஆலைகள் சும்மா கிடக்கும் மாதங்களில் அங்கே அறுவடை. பண்ருட்டி ஆலைக்காரர்களிடம் பேசிவிட்டு, அப்புறம் விமான டிக்கெட் போடுங்கள்.

*நானும் கணவரும் மென்பொருள் வேலை. வீட்டிலிருந்தே வேலை என்பதால் ஒரு வருஷம் கிராமத்தில் இருந்து பார்க்க ஆசை.*
– வாசகி, சென்னை

ஈ33ஜி என்ற விசா இதற்கென்றே 2024-இல் வந்தது, ஒரு வருஷம். சம்பளம் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வர வேண்டும், ஆண்டு வருமானம் 60,000 டாலருக்குக் குறையக் கூடாது. இந்தியச் சம்பளத்தில் எல்லோருக்கும் எட்டாது. மலைக் கிராமத்தில் டெல்கொம்செல் என்ற செல்போன் கம்பெனி தவிர வேறு சிக்னலை நம்ப வேண்டாம், அதுவும் மேட்டில் ஒரு மூலையில் மட்டும் கிடைக்கும், மாலையில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கூடும் இடம் அதுதான். ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் 2024 மே மாதம் இந்தோனேசியாவுக்கு வந்தது, வசதியிருந்தால் வைத்துக்கொள்ளலாம். மின்சாரம் முன்பணம் கட்டும் மீட்டர், காசு தீரப்போகிறது என்றால் கீச் கீச்சென்று கத்தும், தெருவுக்கே கேட்கும். மழையில் மரம் விழுந்தால் பாதி நாள் இருட்டு. அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால், சென்னை அலுவலகத்தின் மாலை ஆறு மணிக் கூட்டம் அங்கே ராத்திரி எட்டரை. ஊர் ஒன்பது மணிக்குத் தூங்கிவிடும். மலை அடிவாரத்துச் சிற்றூரில் வீடு எடுத்து, கிராமத்துக்கு வாரக்கடைசியில் போங்கள் என்பேன்.

*என் மகன் தொண்டு நிறுவன வேலையாக ரூத்தெங் பக்கம் இருக்கிறான். வாரம் தவறாமல் யாராவது விருந்துக்கு அழைக்கிறார்களாம், போனால் காசு வைக்க வேண்டியிருக்கிறதாம். ஏமாற்றுகிறார்களோ என்று கவலை.*
– வாசகர், பேராவூரணி

ஐயா, பேராவூரணியிலிருந்து இந்தக் கேள்வியா! உங்கள் ஊர் ஆடி மாத மொய் விருந்துதான் அங்கேயும் நடக்கிறது, பெயர் 'பெஸ்தா செக்கோலா', பள்ளி விருந்து. பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும், கையில் காசில்லை. பந்தல் போட்டு, பாட்டு வைத்து, அட்டை அடித்து ஊரைக் கூப்பிடுவார்கள். வந்தவர்கள் சாப்பிட்டு, குடித்து, உறையில் காசு வைப்பார்கள். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று எழுதி வைத்துக்கொள்வார்கள், அடுத்தவர் வீட்டு விருந்தில் திருப்பிச் செய்ய வேண்டும். மலை ஊர்களிலிருந்து மாகாணத் தலைநகர் குப்பாங்கிலும் ஜாவாவிலும் போய்ப் படித்து ஆசிரியர், செவிலியர் ஆன எத்தனையோ பேருக்கு முதல் வருஷக் கட்டணம் இப்படி வந்ததுதான். கல்யாணத்துக்குப் பெண்வீட்டாருக்குக் கொடுக்கும் பரிசப் பணம் திரட்டவும் உறவுகள் கூடுவார்கள், அதற்குக் 'கும்புல் கோப்பே' என்று பெயர். அங்கேயும் இது சுமை, கடனில் தள்ளுகிறது என்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள், உங்கள் ஊரிலும் இருப்பார்கள்.

மகனிடம் சொல்லுங்கள்: எல்லா அழைப்புக்கும் போக வேண்டாம், தங்கியிருக்கும் வீட்டுக்காரர் போகும் விருந்துக்கு அவரோடு போகட்டும், அவர் வைக்கும் அளவைக் கேட்டு அதே அளவு வைக்கட்டும். வெளிநாட்டவர் என்று அள்ளி வைத்தால் திருப்பிச் செய்ய முடியாமல் அவர்களுக்குத்தான் தர்மசங்கடம். வாங்கிய பட்டியலில் அவன் பெயரும் ஏறியிருக்கும், அங்கே ஒரு வீட்டுக்காரனாக அவனை எண்ணுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*மலேரியா, எரிமலை, நாய்க்கடி... கூகுளில் தேடினால் தூக்கம் போகிறது.*
– வாசகி, திருநெல்வேலி

நாய்க்கடியைத்தான் நான் முதலில் வைப்பேன். புளோரெஸில் 1997 முதல் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது, சுலாவெசிப் பக்கமிருந்து வந்த நாய்களால் பரவியது. போவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், கடித்தால் கால்மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவி அன்றைக்கே மருத்துவமனை. கடற்கரைத் தாழ்நிலங்களில் மலேரியா உண்டு, கொசுவலையும் மருத்துவர் ஆலோசனையும் வேண்டும். கிராமத்தில் 'புஸ்கெஸ்மாஸ்' எனப்படும் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும், காய்ச்சலுக்குப் போதும், எலும்பு முறிந்தால் லபுவான் பாஜோ, அதற்கும் மேல் என்றால் பாலி. விமான ஆம்புலன்ஸ் செலவையும் ஏற்கும் காப்பீடு எடுங்கள், உரிமம் இல்லாமல் பைக் ஓட்டி விழுந்தால் அந்தக் காப்பீடு பத்துப் பைசா தராது.

நிலம் நடுங்கும் தீவுதான். 1992 டிசம்பர் 12 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வடகரையில் 2,000 பேருக்கு மேல் பலி கொண்டன. கிழக்கில் லெவோதோபி எரிமலை 2024 நவம்பரில் வெடித்து ஊர்கள் அழிந்தன, சாம்பலால் பாலி விமானங்களே நின்றன. ரூத்தெங் அங்கிருந்து வெகுதூரம். திரும்பும் டிக்கெட்டுக்கு இரண்டு நாள் இடைவெளி விட்டு வையுங்கள்.

*கொமோடோ டிராகன் வீட்டுக்குள் வருமா?*
– ஆறாம் வகுப்பு மாணவர், சேலம்

கொமோடோ தீவின் கிராமத்தில் வீட்டடி வரை வரும், அதனால்தான் அங்கே வீடுகளைக் கால்கள் வைத்து உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். நான் எழுதிய மலைக் கிராமங்களில் வராது. பன்றிதான் வரும்.

*அங்கே தமிழர்கள் இருக்கிறார்களா?*
– வாசகர், கோலாலம்பூர்

இந்தோனேசியத் தமிழர் என்றால் சுமத்ராவின் மேடான்தான், 1884-இல் எழுந்த மாரியம்மன் கோயில் இன்னும் இருக்கிறது. புளோரெஸ் மலையில் என்னைப் பார்த்தவர்கள் ஷாருக் கான் ஊரா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

*என் செல்போன் அங்கே வேலை செய்யுமா?*
– வாசகர், திருச்சி

செய்யும். கடவுச்சீட்டைக் காட்டி, விமான நிலையத்திலோ கம்பெனிக் கடையிலோ சுற்றுலாப் பயணி சிம் வாங்குங்கள், 90 நாள் ஓடும். அதற்கு மேல் தங்குவதாக இருந்தால் வெளிநாட்டில் வாங்கிய போனின் ஐ.எம்.இ.ஐ. என்ற அடையாள எண்ணைச் சுங்கத்தில் பதிவு செய்ய வேண்டும், விலை உயர்ந்த போன் என்றால் வரியும் உண்டு. செய்யாவிட்டால் உள்ளூர் சிம் அந்தப் போனில் செத்துவிடும். தெருவோரக் கடையில் பாதிக் காசுக்குச் சரிசெய்து தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.